செல்லுலோஸ் பசையில் தங்கமும் வெள்ளியும்: திரவப் படிகக் கலவை செய்த அனுபவம்

துளி சாயம்கூடச் சேர்க்காமல் சிவப்பும் பச்சையும் நீலமும் காட்டும் பசை ஒன்றைச் செய்து, அதற்குள் உலோக நானோ துகள்களைப் பரப்ப வேண்டும். அந்தத் துகள்கள் நிறத்தை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முதுகலை மாணவர்கள் இரண்டு பேருடன் கோடையில் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். இருந்த கருவிகள்: குளிரூட்டி உள்ள சிறிய சென்ட்ரிஃபியூஜ், பழைய நிறமாலைமானி, நான்கு இலக்கத் தராசு. இவை இருக்கும் எந்தக் கல்லூரியிலும் இதைச் செய்யலாம்.

இப்படி நிறம் காட்டும் பசை ஒரு திரவப் படிகம்: திரவம்போல் ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகம்போல் ஒழுங்காக நிற்கும். திரவப் படிகம் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 5 சி.பி. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1973இல் வெளியிட்ட பொருள் அது. கைக்கடிகாரத் திரைகளுக்கு வழி திறந்ததும் அந்தக் குடும்பம்தான். எங்களிடமும் ஒரு சிறு குப்பி இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு சிக்கல்கள். 35 °செ தாண்டினால் 5 சி.பி.யின் ஒழுங்கு கலைந்து சாதாரண எண்ணெய்போல் ஆகிவிடும். திருச்சியில் மே மாதம் குளிர்சாதனம் இல்லாத அறையில் காலை பதினொரு மணிக்கே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. நெமாட்டிக் நிலையில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே திசை பார்த்து நிற்கும். அந்த வரிசையை வளைக்கும் எதையும் அது விரும்பாது. சூடாக்கிக் குளிரவைத்தால், ஒழுங்கு பிறக்கும் பகுதியிலிருந்து துகள்கள் தள்ளப்பட்டு, கடைசியாக ஒழுங்கு பெறும் ஓரங்களில் போய்க் குவியும். துகளின் மேல் பொருத்தமான கரிம உறை இல்லாவிட்டால் அவை அங்கேயே ஒட்டிக் கட்டியாகிவிடும். இப்படித் தள்ளப்படுவதையே வழியாக்கி, நானோ துகள்களால் நுண்ணிய கோளக் கூடுகள் கட்டுபவர்களும் உண்டு. எங்களுக்கு வேண்டியது சீரான பரவல்.

எனவே நீர் சார்ந்த திரவப் படிகத்துக்கு வந்தோம். ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ், சுருக்கமாக ஹெச்.பி.சி. மாத்திரைகளில் பிணைப்பானாகச் சேர்ப்பார்கள். உணவில் சேர்க்க இ 463 என்ற எண்ணும் உண்டு. அடர்த்தியாக நீரில் கரைத்தால் இது தானே கொலஸ்டெரிக் திரவப் படிகமாகிவிடும் என்று 1976இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெர்போவி, டெரிக் கிரே ஆகிய இருவரும் காட்டினார்கள். (இவர் வேறு கிரே. திரவப் படிகத் துறையில் கிரேக்களுக்குப் பஞ்சமில்லை.)

இந்தப் பசையில் செல்லுலோஸ் சங்கிலிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒவ்வோர் அடுக்கும் கீழுள்ளதைவிடச் சற்றுத் திரும்பியிருக்கும். முழுச் சுற்று முடிய ஆகும் உயரம்தான் புரியிடைத் தூரம். திருகு அளவியில் படித்த அதே புரிதான். நேராக விழும் ஒளியில் திருப்பி அனுப்பப்படும் அலைநீளம், புரியிடைத் தூரத்தைச் சராசரி ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் வருவது. எங்கள் பசைக்கு ஒளிவிலகல் எண் 1.43 அளவில் என்று கொண்டால், 530 நானோமீட்டர் பச்சைக்குச் சுமார் 370 நானோமீட்டர் புரி வேண்டும். தண்ணீர் குறையக் குறையப் புரி சுருங்கும், நிறம் நீலம் நோக்கி நகரும். எங்கள் ரகத்தில், ஹெச்.பி.சி. எடையில் 62 சதவீதத்தை ஒட்டிச் சிவப்பு, 65–66இல் பச்சை, 70ஐ நெருங்கும்போது நீலம். மூலக்கூறு எடை குறைவான ரகமாக, 80,000 முதல் 1,00,000 வரை உள்ளதாக வாங்குங்கள். அதிக எடை ரகத்தில் 65 சதவீதம் என்பது கலக்க முடியாத கல்.

தங்கத் துகளுக்கு டர்கெவிச் முறை, அதாவது சிட்ரேட் முறை. 0.25 மில்லிமோலார் குளோரோ தங்க அமிலக் கரைசல் 100 மி.லி. எடுத்துக் கொதிக்கவைத்து, கொதி நிற்காமல் 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் மூன்றரை மி.லி. ஒரேயடியாக ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் முதலில் மறைந்து தண்ணீர்போல் ஆகும். பிறகு சாம்பல் கலந்த நீலம் ஓடும். அடுத்து ஊதா. சில நிமிடங்களில் திராட்சை ரசச் சிவப்பு. குடுவைகளை இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கழுவிவிட்டுத் தொடங்குவது முக்கியம், புகைக்கூண்டுக்குள், கையுறையோடு. பழைய உலோகப் படிவு ஒட்டியிருந்தால் துகள்கள் அளவு மாறி வரும். நிறமாலைமானியில் உச்சம், அதாவது துகள்கள் ஒளியை மிக அதிகமாக விழுங்கும் இடம், 520 நானோமீட்டரில் கூர்மையாக வந்தால் துகள் 15 நானோமீட்டர் அளவில் இருக்கிறது என்று நம்பலாம்.

இந்தச் சிவப்புத் தண்ணீரை அப்படியே எடுத்து ஹெச்.பி.சி. தூளில் ஊற்றினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிட்ரேட் தங்கத்தின் உட்கவர் அளவு (ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற எண்) ஒரு சென்டிமீட்டர் பாதைக்கு ஏறக்குறைய 1. பசையில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு. எனவே பசைக்கு 0.35தான் மிஞ்சும். எங்கள் படலம் 0.45 மில்லிமீட்டர் தடிமன், அதாவது 0.045 சென்டிமீட்டர். பெருக்கினால் 0.016. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. 0.27 அளவாவது வேண்டுமென்றால் தங்கக் கரைசலைப் பதினேழு, பதினெட்டு மடங்கு அடர்த்தியாக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கையில் ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள் 520இல் எழுபது சதவீதம் மறையும். நாங்கள் இருபது மடங்கு என்று வைத்துக்கொண்டோம்.

"சார், அடுப்புல வச்சுச் சுண்டவைச்சா போதாதா?" என்றான் மாணவன். கேள்வியில் தவறில்லை, ஒரு சிறு பங்கைச் சுண்டவைத்துக் காட்டினேன். பாதி வற்றும்போதே சிவப்பு மங்க ஆரம்பித்தது. பிறகு ஊதா, கடைசியில் அடியில் கறுப்புப் படிவு. தண்ணீர் ஆவியாகும், சிட்ரேட்டும் குளோரைடும் ஆவியாகாது. தங்கத் துகள்கள் ஒன்றையொன்று நெருங்காமல் இருப்பதே மேலுள்ள எதிர்மின்சுமையால்தான். உப்பு ஏறினால் அந்த விலக்கம் தூரம் எட்டாது; துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

சரியான வழி, முதலில் துகளுக்கு உறை போடுவது. கரைசல் நன்றாகக் குளிர்ந்தபின் 0.1 சதவீதம் வருமாறு ஹெச்.பி.சி.யையே சேர்த்து இரவு முழுக்க மெதுவாகக் கலக்கவிட்டோம். பாலிமர் துகள் மேல் படிந்து, மின்சுமை போனாலும் துகள்களை எட்ட நிறுத்தும். எந்தப் பசைக்குள் போகப்போகிறதோ அதே பொருளால் உறை போடுவதால் பசைக்கும் துகளுக்கும் பகை இல்லை. 5 சி.பி.யில் இல்லாத வசதி இதுதான்.

பிறகு சென்ட்ரிஃபியூஜ். 12,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 12,000 மடங்கு), 40 நிமிடம், 15 °செ. குளிரூட்டி கட்டாயம். நீரில் ஹெச்.பி.சி. சுமார் 42–45 °செ தாண்டினால் கரைசலிலிருந்து வெளியேறிவிடும். குளிரூட்டி இல்லாத இயந்திரம் கோடையில் முக்கால் மணி நேரம் ஓடினால் உள்ளறை அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமில்லை. 10 கிராம் பசைக்கு 3.5 மி.லி. அடர்கரைசல் வேண்டும், அதற்கு 70 மி.லி. மூலக் கரைசலை ஒன்றரை மி.லி. குழாய்களில் பிரிக்க வேண்டும். ஐம்பது குழாய்களை நெருங்கும். ஒவ்வொன்றிலும் மேல்நீரை உறிஞ்சி எடுத்து, அடியில் நிற்கும் கருஞ்சிவப்புச் சொட்டைச் சேகரித்து, காய்ச்சி வடித்த நீர் விட்டு ஒருமுறை கழுவி, மறுபடி சுற்ற வேண்டும். இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி இதுதான். இதைச் சுருக்க எனக்கு வழி தெரியவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த 70 மி.லி.யில் இருக்கும் தங்கம் மூன்றரை மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. குந்துமணித் தங்கம்கூட வேண்டாம், அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு போதும்.

பசை கலப்பது களி கிண்டுவது போன்ற வேலை, ஆனால் அடுப்பில்லாமல், குளிரில். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெளிப்புறம் வழுவழுப்பாகி மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த தூள் அப்படியே நிற்கும். அதனால் அகல வாய்க் கண்ணாடிக் குப்பியில் குளிர்ந்த அடர்கரைசலை முதலில் ஊற்றி, தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, எஃகு ஸ்பேட்டுலாவால் சுவரோடு அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். மாவில் பாதி சேரும்போதே கை வலிக்கும். மூடிக்கு மேல் பாராஃபிலிம் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அவ்வப்போது எடுத்துக் கிண்ட வேண்டும். நாட்கள் பிடிக்கும். கட்டிகள் கரைந்தபின் காற்றுக் குமிழிகள் இருக்கும். மெதுவான சுழற்சியில் சென்ட்ரிஃபியூஜ் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் குப்பிக்குள் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். துகள் சேர்க்காத பசை, நரைத்த வெண்மை. கிண்டியதில் சுருள்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால் அப்படி. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து, இன்னொரு தகட்டால் மூடி, கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி அழுத்திவிட்டு விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் நடுவிலிருந்து பச்சை எழும். அடுத்த நாள் பார்த்தால் இன்னும் அடர்ந்திருக்கும். யாரும் அடுக்கிவைக்கவில்லை; சங்கிலிகள் தாமாகவே அடுக்கிக்கொள்கின்றன.

தகடுகளுக்கு இடையே இடைவெளி வைக்க நுண்ணோக்கிக் கவர் சிலிப்புகளை உடைத்து மூன்று மூன்றாக அடுக்கினோம். ஒன்று 0.15 மில்லிமீட்டர், ஆக 0.45. ஓரங்களை எப்பாக்ஸிப் பசையால் அடைக்க வேண்டும். அடைக்காத மாதிரி ஒன்றை வேண்டுமென்றே மேசையில் வைத்தோம். மறுநாள் நடுவில் பச்சை, விளிம்பை நோக்கி வரவர நீலம், கடைசி இரண்டு மில்லிமீட்டர் நிறமற்ற கண்ணாடி. தண்ணீர் ஓரத்தில் ஆவியாக, புரி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் புற ஊதாவுக்குப் போய்விட்டது. செறிவுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவை வகுப்பில் காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஒப்பிட்டது நான்கு வகைப் பசைகள்: துகள் இல்லாதது, மிகச் சிறிதளவு கரித்தூள் கலந்தது, தங்கம், வெள்ளி. ஒவ்வொன்றும் சிவப்புப் புரியிலும் பச்சைப் புரியிலும்.

துகள் இல்லாத பசையைக் கறுப்புத் தாளில் வைத்தால் நிறம் தெரியும், ஆனால் மேலே ஒரு வெண்ணீல மூட்டம் படிந்திருக்கும். வெள்ளைத் தாளில் வைத்தால் நிறம் ஏறக்குறைய மறைந்தே போகும். திரும்பாமல் உள்ளே போன ஒளி எல்லாம் தாளில் பட்டுத் திரும்பி வந்து, கொஞ்சமாக இருக்கும் பச்சையை அமுக்கிவிடுகிறது. கரித்தூள் இந்த ஒளியை எல்லா அலைநீளத்திலும் ஒரே மாதிரி விழுங்கும். அதனால் பச்சை பச்சையாக நிற்கிறது. காட்சிக்கு அழகான பசை மட்டும்தான் வேண்டும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தங்கம் வாங்க வேண்டியதில்லை.

உலோகத் துகள் செய்வது வேறு. அது ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பச்சைப் புரியில் தங்கம் கலந்தபோது எங்களுக்குக் கிடைத்தது அழுக்குச் சாம்பல். தங்கம் 520ஐ ஒட்டிய பச்சையை விழுங்குகிறது. மூட்டத்தில் மிச்சமாக வருவது இளஞ்சிவப்பு. அது புரி தரும் பச்சையோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று கொன்று சாம்பலாகின்றன. திருப்பி அனுப்பப்படும் பச்சையிலும் கொஞ்சம் வழியிலேயே போய்விடுகிறது. சிவப்புப் புரியில் அதே தங்கம் கலந்தால் மாணிக்கம்போல் இருந்தது. மாணவர்கள் படம் எடுத்துப் பகிர்ந்தது அதைத்தான்.

எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. அந்தச் சிவப்பில் எவ்வளவு சுருள் தருவது, எவ்வளவு தங்கத்தின் சொந்த நிறம்? இதைப் பிரிக்க முப்பரிமாணப் படம் பார்க்கத் தியேட்டரில் தரும் கண்ணாடி போதும், வட்டத் தளவிளைவு வகையாக இருந்தால், அதாவது வலமாகச் சுழலும் ஒளியை ஒரு கண்ணுக்கும் இடமாகச் சுழலும் ஒளியை மறு கண்ணுக்கும் மட்டும் விடும் வகையாக இருந்தால். நீரில் ஹெச்.பி.சி.யின் சுருள் வலக்கைத் திருகு. அது வலவட்டத் தளவிளைவு கொண்ட ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும், இடவட்டத்தை உள்ளே விட்டுவிடும். கண்ணாடியின் ஒரு வில்லை வழியே பார்த்தால் நிறம் பளிச்சென்று தெரியும், மற்றதில் காணாமல் போகும். துகள் இல்லாத பசை கறுப்புத் தாளில் அப்படியே நடந்தது. தங்கம் கலந்த சிவப்பை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தபோது மறு கண்ணிலும் இளஞ்சிவப்பு மிச்சம் இருந்தது. அதாவது மாணிக்கத்தில் ஒரு பங்கு தங்கத்தின் சாயல்தான். கறுப்புத் தாளுக்கு மாற்றியதும் அந்த மிச்சம் பெரும்பாலும் போய்விட்டது.

வெள்ளி எனக்கு அதிகம் பிடித்தது. பனிக்கட்டியில் குளிர்ந்த 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 30 மி.லி.யில், 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடைசிச் சொட்டு விழுந்ததும் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் துகள்கள் திரளும். கிடைப்பது தெளிந்த எலுமிச்சை மஞ்சள், உச்சம் 400 நானோமீட்டரை ஒட்டி. உடனே ஹெச்.பி.சி. உறை. வெள்ளி தங்கத்தைவிட வலுவாக ஒளியை விழுங்குவதால் அவ்வளவு அடர்த்தியாக்கத் தேவையில்லை. ஆனால் துகள் சிறியது, எடையும் குறைவு, சென்ட்ரிஃபியூஜில் நெடுநேரம் ஓட வேண்டும். கறுப்புத் தாளில் வைத்தால் வித்தியாசம் தெரியும். சிதறலால் வரும் மூட்டம் நீலத்தில்தான் அதிகம். வெள்ளி விழுங்குவதும் சரியாக அந்த ஓரத்தைத்தான். சிவப்பும் பச்சையும் எந்தச் சேதமும் இல்லாமல், மேலிருந்த வெண்ணீலப் படலத்தைத் துடைத்தாற்போல் நின்றன. நீலப் புரியில் மட்டும் வெள்ளியைக் கலக்காதீர்கள். மாதிரிகளை இருட்டில் வையுங்கள். ஒளி படப் பட வெள்ளித் துகள்கள் மாறக்கூடும்.

துகள்கள் பசைக்குள் பிரிந்தே இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள மின்னணு நுண்ணோக்கி தேவையில்லை. தங்கத்தின் உச்சம், ஒளிவிலகல் எண் கூடியதால், 520இலிருந்து நான்கைந்து நானோமீட்டர் நீளும், அது இயல்பு. 550க்கு மேல் போய், 650 பக்கம் வால் நீண்டால் கட்டி சேர்ந்துவிட்டது என்று பொருள். நன்றாகக் கழுவிய தொகுதிகளில் வால் இல்லை.

கோடை வெயில் ஒரு வேடிக்கையும் காட்டியது. சூடு ஏறினால் புரி விரியும். காலையில் பச்சையாக இருந்த மாதிரி பிற்பகலில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நின்றது, மாலையில் திரும்பியது. அழுத்தினால் இதற்கு நேர்மாறு: புரி நசுங்கி நீலம் நோக்கி ஓடும். விரலால் அழுத்திப் பிடித்தால் முதலில் நீலம். விரலை எடுக்காமல் வைத்திருந்தால் உடல் சூடு ஏறி மெல்லப் பின்வாங்கும். ஆய்வக உதவியாளர் அண்ணன் இதையே அரை மணி நேரம் செய்துகொண்டிருந்தார்.

இதுவரை பார்த்ததில் கோளத் துகள்கள் சும்மா மிதப்பவைதான். 15 நானோமீட்டர் உருண்டைக்குத் திசை ஏது. கோல் வடிவத் துகளுக்குத் திசை உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இவான் ஸ்மால்யுக் குழு 2010இல் தங்க நானோக்கோல்களைத் திரவப் படிகத்தில் கலந்து, அவை தாமாகவே ஒரே திசையில் அணிவகுப்பதைக் காட்டியது. டொரொண்டோவில் யூஜீனியா குமாசேவா குழு 2014இல் அதையே செல்லுலோஸ் நானோ படிகங்களின் சுருளுக்குள் செய்தது. அங்கே கோல்கள் சுருளைப் பின்பற்றித் தாமும் திருகலாக நின்றன.

வேதியியல் துறை மேடத்திடம் கொஞ்சம் நானோக்கோல் கரைசல் இருந்தது, உச்சங்கள் 515லும் (கோலுக்குக் குறுக்கே அதிரும் ஒளிக்கு) 680லும் (கோலின் நீளவாக்கில் அதிரும் ஒளிக்கு). நன்றாகக் கழுவி ஹெச்.பி.சி.யில் கலந்து, சவரத் தகட்டால் கண்ணாடி மேல் ஒரே இழுப்பாக இழுத்து, மின்விசிறிக்கு அடியில் உலரவைத்தோம். இழுக்கும்போது சுருள் அவிழ்ந்து சங்கிலிகள் இழுத்த திசையில் நீளும். உலர்ந்துவிட்டால் திரும்பச் சுருள வழியில்லை. உலர்ந்த படலத்தின் மேல் ஒரு போலராய்டை, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகட்டை, சுழற்றினேன். இழுத்த திசைக்கு இணையாக வந்தபோது படலம் நீலப்பச்சை, குறுக்கே வந்தபோது வெளிர் ரோஜா. கோல்கள் சங்கிலிகளோடு சேர்ந்து படுத்திருக்கின்றன.

அவிழாத சுருளுக்குள் அவை திருகலாக நிற்கின்றனவா என்பதுதான் அடுத்தது. வல, இட வட்டத் தளவிளைவு ஒளியைத் தனித்தனியே செலுத்தி 680இல் வித்தியாசம் பார்க்க வேண்டும். தியேட்டர் கண்ணாடியை வைத்தே நிறமாலைமானியில் முயன்றோம். அதன் கால் அலைப் படலம் (சுழலும் ஒளியை நேர்கோட்டில் அதிரும் ஒளியாக மாற்றுவது) பச்சையை ஒட்டித்தான் சரியாக வேலை செய்யும்படி செய்யப்பட்டது, 680இல் வரும் எண்ணை நம்ப முடியாது. சிவப்புக்கான கால் அலைத் தகடு ஒன்றுக்குத் துறையில் கோப்பு போயிருக்கிறது. அதுவரை நானோக்கோல் பசையைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் பாராஃபிலிம் சுற்றி வைத்திருக்கிறோம்.